விமானிகளுக்கான நோமெக்ஸ் கையுறை: ஒரு மதிப்பீடு

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் சித்திரை வெயிலில் ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்குக் கையுறை தொல்லையாகவே தோன்றும். எனினும் தீப்பிடித்தால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், நோமெக்ஸ் என்னும் தீத்தடுப்புத் துணியோ உருகாமல் கருகும் என்பதால், வியர்வையைப் பொறுத்துக்கொண்டு அதை அணிவதே முறை. நான் வாங்கிய சோடியின் உள்ளங்கைப் பகுதி மெல்லிய ஆட்டுத்தோலால் ஆனது. ஹெலிகாப்டரைச் சாய்த்துச் செலுத்தும் சைக்ளிக் தண்டின் மேலுள்ள, தண்டு கையில் தரும் அழுத்தத்தைக் குறைக்கும் டிரிம் பொத்தானைப் பார்க்காமலேயே விரல் நுனியால் இனங்காண முடிகிறது; விமானிக்கு முதலில் வேண்டியது அதுதான். கட்டைவிரல் மடிப்பிலுள்ள தையல் தடித்திருப்பதால் நீண்ட பறப்பில் உறுத்துகிறது, தயாரிப்பாளர் இதைத் திருத்தியே ஆக வேண்டும். துவைத்தால் தோல் விறைத்துப்போகிறது; நிழலில் உலர்த்தி, கையில் மாட்டிக்கொண்டு பிசைந்தால் மீண்டும் இளகும். விரல் நுனியில் சிறிதும் தளர்வு இருக்கக் கூடாது என்பதால், கடையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.