தினமும் ஓட்டும் 4எல்60இ வண்டிக்கு 9.5 அங்குல லாக்கப் கன்வெர்ட்டர்: எந்த ஸ்டால் வாங்கலாம்?

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹெடர் (புகை வெளியேறும் குழாய்) போட்டு, கம்ப்யூட்டர் டியூனும் செய்தாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 எஞ்சினுக்குப் பின்னால் இருப்பது அதே கம்பெனியின் நான்கு கியர் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்த நிலையில் அடுத்த பணம் போக வேண்டிய இடம், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான். இந்த ஜோடிக்கென்று 2,800 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை ஸ்டால் (வண்டி நிற்கையில் எஞ்சின் ஏறக்கூடிய உச்சச் சுற்று) குறிப்பிட்டு விற்கப்படும் 9.5 அங்குல லாக்கப் கன்வெர்ட்டர்களைத்தான் இங்கே எடைபோடுகிறோம். லாக்கப் என்பது ஓடும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்கலின்றி நேராகப் பிணைக்கும் கிளட்ச்.

வேலைக்கும் கடைக்கும் இதே வண்டியில் போகிறவர்களுக்கான தீர்ப்பு இது: 3,000 முதல் 3,200 வரை ஸ்டால், 2.0-ஐ ஒட்டிய டார்க் பெருக்கம் (புறப்படும்போது எஞ்சின் டார்க்கை கன்வெர்ட்டர் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்), கார்பன் லைனிங் போட்ட லாக்கப் கிளட்ச், தனியாக ஒரு ஆயில் கூலர். 4,000 ஸ்டால் டிராக்கில் நன்றாகவே இருக்கும். காலை நெரிசலில் அதை ஓட்டுவது அலுப்பு. ஆயிலையும் வீணாகக் காய்ச்சும்.

ஆனால் பெட்டியில் அச்சடித்த ஸ்டால் எண்ணை அப்படியே நம்பி வாங்கக் கூடாது. ஸ்டால் என்பது கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமான குணம் அல்ல. டர்பைன் (கன்வெர்ட்டருக்குள் கியர்பாக்ஸைச் சுற்றும் சக்கரம்) அசையாமல் நிற்கும்போது எஞ்சின் அதிகபட்சம் எத்தனை ஆர்.பி.எம். வரை ஏற முடிகிறது என்பதே ஸ்டால். அது எஞ்சின் அந்தச் சுற்றில் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினில் 2,800-இல் நிற்கும் கன்வெர்ட்டரை 600 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் மாட்டினால் 3,400-ஐத் தாண்டும். உச்ச டார்க்கை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஸ்டால் விழும் சுற்றில் கிடைக்கும் டார்க்தான் கணக்கு. பெரிய கேம் போட்ட எஞ்சினுக்குக் கீழ்ச் சுற்றில் டார்க் குறைவு என்பதால், சில வண்டிகளில் ஸ்டால் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவே வரும்.

"3,200 ஸ்டால் என்றால் 3,200 சுற்று வரும்வரை வண்டி நகராதே" என்ற பயத்துக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. மெதுவாக உருட்டும்போது எஞ்சின் தருவது 80 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். மேலே சொன்ன அதே கன்வெர்ட்டரின் ஸ்டால் அப்போது 1,250 அளவில்தான் இருக்கும். லேசாக மிதித்தால் வண்டி லேசாக நகரும். வித்தியாசம் தெரிவது பாதி பெடலில்: முதலில் சுற்று ஏறும், வேகம் அரை நொடி கழித்து வரும். 3,200-இல் இதற்குச் சில நாளில் கால் பழகிவிடும். 4,000-இல் ஒவ்வொரு மேட்டிலும் தெரிந்துகொண்டே இருக்கும்.

விட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கன்வெர்ட்டர் தாங்கும் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு மாறும். கம்பெனி பொருத்தி அனுப்புவது 300 மி.மீ.; 9.5 அங்குலம் என்றால் 241 மி.மீ. மற்ற வடிவமைப்பெல்லாம் ஒன்றாக இருந்தால், அதே சுற்றில் சிறியது பிடிக்கும் டார்க் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 1,700-இல் நின்ற ஸ்டால் 2,900-க்கு ஏறுகிறது. மீதி மாற்றத்தை ஸ்டேட்டர் (நடுவே ஆயில் ஓட்டத்தைத் திருப்பிவிடும் சக்கரம்) பிளேடின் கோணத்தில் செய்கிறார்கள். விலை குறைந்த "ஸ்டால் ஏற்றிய" கன்வெர்ட்டர்களில் பல, பழைய பெரிய கூட்டுக்குள் இம்பெல்லர் (எஞ்சினோடு சுற்றி ஆயிலைத் தள்ளும் சக்கரம்) பிளேடுகளை வளைத்துத் தயாரானவை. ஸ்டால் ஏறுவது உண்மை. ஆனால் எடை குறையவில்லை, நெடுஞ்சாலை வேகத்தில் வழுக்கலும் கூடும். 2,400-க்கு மேல் வேண்டும் என்றால் இந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

டார்க் பெருக்கம் அடுத்தது. 2.5 என்ற எண் விளம்பரத்தில் கவர்ச்சியாகத் தெரியும். புறப்படும்போது நன்றாகத் தள்ளவும் செய்யும். ஆனால் பெருக்கத்துக்காக வளைத்த ஸ்டேட்டர், மேல் சுற்றில் ஆயில் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறது. சாதாரணத் தெரு டயரால் அந்தத் தள்ளலைச் சாலைக்கு இறக்கவும் முடியாது. 1.8 முதல் 2.1 வரை போதும். சூப்பர்சார்ஜர் வைத்தவர்கள் இன்னும் தாழ்வாகவே கேளுங்கள்.

4எல்60இ-க்கு ஸ்டால் ஏற்றுவது இவ்வளவு பலன் தருவதற்கு அதன் கியர் இடைவெளியே காரணம். முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 6,500-இல் கியர் மாறினால் சுற்று 3,460-க்கு விழ வேண்டும். பெரிய கேமுக்கு அது வலுவான இடம் அல்ல. 3,200 ஸ்டால் அந்தப் பள்ளத்தை நிரப்பி, மாறிய கணமே எஞ்சினை அதற்கு மேலேயே வைத்திருக்கும். ஐடிலிலும் ஒரு நன்மை உண்டு. கம்பெனி கன்வெர்ட்டரோடு சிக்னலில் டிரைவில் நிற்கும்போது திணறி அணையப் பார்க்கும் கேம், லூசான, அதாவது ஸ்டால் உயர்ந்த, கன்வெர்ட்டரில் அமைதியாக நிற்கும்.

இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வகைக்கு இதே வாதம் அவ்வளவு பொருந்தாது. அதில் ஒன்றான 8எச்பி70-இல் முதல் கியர் 4.71, இரண்டாவது 3.14. 6,500-இலிருந்து 4,300-க்குத்தான் விழுகிறது. கியரே பாதி வேலையைச் செய்துவிடுவதால், அந்த வண்டிக்காரர்கள் முதலில் டிரான்ஸ்மிஷன் டியூனில் செலவழிப்பது நல்லது.

லாக்கப் இல்லாத கன்வெர்ட்டரைத் தினசரி வண்டிக்கு யார் பரிந்துரைத்தாலும் கேட்காதீர்கள். 660 மி.மீ. டயர், 3.73 பின் ஆக்சில், நான்காம் கியர் 0.70 என்று வைத்தால் 100 கி.மீ. வேகத்தில் லாக் ஆன நிலையில் 2,100 சுற்று வரும். லாக் இல்லாமல் மேடு ஏறும்போது எஞ்சின் 3,000-இலும் டர்பைன் 2,700-இலும் சுற்றுகின்றன, டார்க் 150 நியூட்டன் மீட்டர் என்றால், 4.7 கிலோவாட் சூடாகி ஆயிலுக்குள் இறங்குகிறது. இது கூலருக்கே பெரிய சுமை. லாக் ஆனதும் கன்வெர்ட்டருக்குள் அந்தச் சூடு பூஜ்யம்.

கிளட்ச் லைனிங்கைப் பற்றி விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். 1990-களின் நடுவிலிருந்து வந்த 4எல்60இ, லாக்கப்பை ஒரேயடியாகப் பிடிக்காமல் துடிப்பு முறையில் மெல்லப் பிடிக்கும். அந்த வழுக்கலைத் தாங்கும் குணம் நெசவுக் கார்பனுக்கு உண்டு. கெவ்லர் சீக்கிரம் பளபளத்துப்போய்ப் பிடி விடும். கெவ்லர்தான் கிடைக்கிறது என்றால் வால்வ் பாடியையும் (கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிடும் பாகம்) டியூனையும் முழுப் பிடிப்புக்கு மாற்ற வேண்டும். ஒற்றைத் தட்டு லாக்கப்பை முழு மிதியில் பிடிக்கவிடாதீர்கள். டியூனில் பாதி பெடலுக்கு மேல் லாக் திறந்துவிட வேண்டும். முழு மிதியிலும் லாக் வேண்டும் என்றால் மூன்று தட்டு வகை வாங்குங்கள். விலையும் எடையும் கூடும், பிடிப்பு கொஞ்சம் முரடாக இருக்கும். கேம் வண்டியில் 1,400 சுற்றுக்குக் கீழே லாக் பிடித்தால் வண்டி முன்னும் பின்னும் உதறும் என்பதையும் டியூனரிடம் சொல்லிவையுங்கள்.

கட்டுமானத்தில் பார்க்க வேண்டியவை: ஃபர்னஸில் பிரேஸ் செய்த பிளேடுகள், ஸ்டேட்டரின் இரு பக்கமும் ஊசி பேரிங், வளையாத தடித்த முன் மூடி. மெல்லிய மூடி அழுத்தத்தில் உப்பினால் கியர்பாக்ஸ் பம்ப்பும் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கும் சேர்ந்து போகும். நல்ல தயாரிப்பாளர் ஆர்டர் எடுக்கும் முன்பே வண்டியின் எடை, டயர் விட்டம், ஆக்சில் விகிதம், கேம் அளவு, டைனோ தாள் (எஞ்சின் சக்தியை அளந்த பதிவு) எல்லாம் கேட்பார். ஸ்டால் தவறினால் ஒருமுறை திருத்தித் தர ஒப்புக்கொள்வார். எதுவும் கேட்காமல் பெட்டியை நீட்டுபவரிடம் வாங்க வேண்டாம். 298 மி.மீ. வகைக்கும் 300 மி.மீ. வகைக்கும் இன்புட் ஷாஃப்ட் வேறு. பழைய கியர்பாக்ஸ் என்றால் இதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளே பாதிக் கன்வெர்ட்டர்களைக் கொல்கின்றன. உள்ளே ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுற்றிக்கொண்டே தள்ளுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் தண்டு, பம்ப் என்று மூன்று முறை உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டு பெல்ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன் கூடு) போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். பெல்ஹவுசிங் முழுதும் பொருந்திய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (கிராங்கோடு சுற்றும் தட்டு) கன்வெர்ட்டருக்கும் நடுவே 1.6 முதல் 4.8 மி.மீ. இடைவெளி சரி, 3 மி.மீ. உத்தமம். கூடுதலாக இருந்தால் எல்லாப் போல்ட்டிலும் ஒரே தடிமன் வாஷர் வையுங்கள். போல்ட் நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளமான போல்ட் மூடியை உட்பக்கம் குழித்துவிட்டால் லாக்கப் கிளட்ச் உட்காரும் பரப்பே கெட்டுவிடும். வெளியிலிருந்து அது தெரியாது.

பழைய கியர்பாக்ஸ் தேய்ந்து போயிருந்தால் கூலரைக் கழுவுவதைவிட மாற்றுவது பாதுகாப்பு. உள்ளே தங்கிய இரும்புத்தூள் புதிய கன்வெர்ட்டருக்குள்தான் போய்ச் சேரும். ஆயில் வெப்பமானி கட்டாயம். 75 முதல் 95 டிகிரி செல்சியஸ் நல்ல நிலை. 120-ஐத் தொட்டால் ஓரம்கட்டி, பார்க்கிங்கில் ஐடிலில் விடுங்கள்.

ஸ்டாலைச் சோதிக்க பிரேக்கை மிதித்துக்கொண்டு முறுக்க வேண்டாம். சக்கரம் முதலில் வழுக்கும், எண்ணும் குறைவாகவே காட்டும். இரண்டாம் கியரில் மெல்ல உருண்டுகொண்டே ஒரேயடியாக மிதித்து, முள் எங்கே தாவி நிற்கிறது என்று பாருங்கள். புதிய லாக்கப் லைனிங் உட்கார முதல் 500 கி.மீ. வரை இதைச் செய்யாதீர்கள்.

பிறகு குறை தெரிந்தால், உடனே கன்வெர்ட்டரைக் கழற்றாமல் யோசியுங்கள். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, புறப்படும்போது மட்டும் உயிரே இல்லை என்றால் ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் இருபக்கமும் சுழல்கிறது. புறப்பாடு சரியாக இருந்து, வேகத்தில் சூடேறி இழுவை செத்தால் அதே கிளட்ச் இறுகிவிட்டது. இந்த இரண்டுக்கும் கன்வெர்ட்டர் வெளியே வந்தாக வேண்டும். வண்டிக் கம்ப்யூட்டரில் பி1870 என்ற பிழைக் கோட் (கியர்பாக்ஸில் வழுக்கல் என்று பொருள்) வந்தால் கதை வேறு. 4எல்60இ-யில் அதற்கு வழக்கமான காரணம் வால்வ் பாடியில் லாக்கப் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வின் துளை தேய்வது. அந்தத் துளையைச் சரிசெய்யாமல் எத்தனை கன்வெர்ட்டர் மாற்றினாலும் அதே கோட் திரும்ப வரும்.