விசுவாசம் மட்டுமா, கிரியைகளும் சேர்ந்தா?

மனிதன் கடவுள் முன் எப்படி நீதிமான் ஆகிறான்? புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் பதிலும், 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தந்த பதிலும் வேறுவேறு.

தொடக்கம் கிருபைதான், அதாவது கடவுள் இலவசமாகத் தரும் தயவுதான் என்பதில் இரண்டுக்கும் சண்டையில்லை. கத்தோலிக்கர் கிரியைகளை, அதாவது நற்செயலைக் கொடுத்துப் பரலோகத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று சொல்வது நியாயமே அல்ல. கிருபை இல்லாமல் சொந்தச் செயலால் யாரும் நீதிமானாக முடியாது என்று திரெந்தும் உறுதியாகச் சொல்கிறது.

வித்தியாசம் அப்புறம்தான் வருகிறது. லூத்தருக்கு இது ஒரு தீர்ப்பு. கிறிஸ்துவின் நீதி பாவியின் கணக்கில் எண்ணப்படுகிறது. விசுவாசம் அதை வெறுங்கையோடு வாங்கிக்கொள்கிறது. நற்செயல்கள் விசுவாசம் என்ற மரத்தின் கனிகள், வேர் அல்ல. திரெந்துக்கோ இது உள்ளத்தையே புதுப்பிக்கும் வேலை. ஞானஸ்நானத்தில் தொடங்கி, அன்பாலும் செயல்களாலும் வளரும்; சாவான பாவத்தால், அதாவது கடவுளோடுள்ள உறவை முறிக்கும் கொடிய பாவத்தால் இழந்துபோகவும் கூடும்.

வசனங்களைப் பார்த்தால், நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் ரோமர் 3:28 லூத்தர் பக்கம் நிற்கிறது. ஆனால் அவர் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்த 'மட்டும்' என்ற சொல் கிரேக்க மூலத்தில் இல்லை. யாக்கோபு 2:24 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல' என்றே சொல்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது.

1999-இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தக் கேள்வி பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இடைவெளி நிஜமாகவே குறைந்தது.

என் மனம் லூத்தர் பக்கம்தான். 'நான் போதுமான அளவு செய்தேனா?' என்று தவிக்கிறவருக்கு அந்தப் பதில்தான் மூச்சுவிட இடம் தருகிறது. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி மனந்திரும்பிய கள்வனுக்கு நற்செயல் செய்ய நேரம் எங்கே இருந்தது?