கவுச் டு ஃபைவ்-கே: ஓடப் பயப்படுகிறவர்களுக்கான ஒன்பது வாரப் பயிற்சி எப்படி?

கவுச் டு ஃபைவ்-கே என்றால் சோபாவை விட்டு எழுந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை போவது. இந்தத் திட்டத்தின் முதல் நாளில் நீங்கள் ஓடப்போவது மொத்தமே 8 நிமிடம்தான். அதையும் ஒரே மூச்சில் ஓட வேண்டியதில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. தொடங்கும்முன் ஐந்து நிமிடம் விறுவிறு நடை, முடிந்தபின் ஐந்து நிமிடம் ஆற அமர நடை. அரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி காபி போட்டுவிடலாம்.

1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்கலாம் என்று போட்ட அட்டவணை இது. பிறகு பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் இதை எடுத்துக்கொண்டது. 2016-இல் பிபிசியோடு சேர்ந்து செயலியாகவும் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒன்பது வாரம், ஆக 27 ஓட்டங்கள். அட்டவணை என்எச்எஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. செயலி இல்லாமல் போனில் உள்ள டைமரை வைத்தே முழுவதையும் முடித்துவிடலாம்.

ஓட்டம் பழக்கும் திட்டங்கள் ஏராளம். நடுவயதில் முதன்முதலாக ஷூ மாட்டும் ஒருவரின் வயிற்றைக் கலக்கும் பயத்துக்கு இது என்ன செய்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

கலக்கம் வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்று தள்ளிவிட முடியாது. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. ஓட ஆரம்பிக்கும் முன்பே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோடு மேலாக வாங்குகிறது. புதியவர் அதை "நமக்கு ஸ்டாமினா இல்லை" என்று புரிந்துகொள்கிறார். அந்த நிலையிலேயே ஓட்டத்தைத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆரம்ப ஐந்து நிமிட நடையின் அருமை இங்கேதான் தெரியும். அந்த நடையில் மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, நான்கு அடிக்கு விட்டுப் பாருங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு தணியும். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த நடையை வெட்டுகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

செயலியில் ஒரு குரல் "ஓடுங்கள்", "நடங்கள்" என்று சொல்லிக்கொண்டே வரும். பாதி நேரம் முடிந்ததையும் சொல்லும். வெளியான காலத்தில் ஒலிம்பிக் ஓட்டக்காரர் மைக்கேல் ஜான்சன், நகைச்சுவைக் கலைஞர் சாரா மில்லிகன் போன்றோரின் குரல்கள் இருந்தன. கேட்க இது சின்ன வசதிதான். ஆனால் கடிகாரத்தை நொடிக்கு நொடி பார்க்காமல் இருப்பது பயந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆங்கிலக் குரல் ஒத்துவராதவர்கள், தங்கள் குரலிலேயே ஒரு முறை பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பேரனையோ பேத்தியையோ "தாத்தா, ஓடு" என்று சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. நிற்க மனம் வராது.

சரி, அட்டவணைக்கு வருவோம். இதைத் தொடங்கும் எல்லோரும் முன்கூட்டியே பார்த்து மிரளும் நாள் ஒன்று உண்டு: ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் ஓட்டம். நடையே இல்லாமல் தொடர்ந்து 20 நிமிடம். இரண்டு நாளுக்கு முன்பு வரை அதிகபட்சம் எட்டு நிமிடம் ஓடியவர் திடீரென்று 20 எப்படி ஓடுவார் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. ஐந்தாம் வாரத்தின் முதல் நாள் ஐந்து ஐந்தாக மூன்று முறை, மொத்தம் 15 நிமிட ஓட்டம். இரண்டாம் நாள் எட்டும் எட்டும் 16. மூன்றாம் நாள் 20. உடம்புக்குக் கூடுவது நான்கே நிமிடம். நடுவில் இருந்த ஐந்து நிமிட நடை போய்விடுகிறது, அவ்வளவுதான். நிதானமாகப் போகிறவர்களுக்கு இந்த நாள் தாண்டக்கூடியதே. தாண்டியபின் பயமும் பாதிக்கு மேல் போய்விடும்.

உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நான்காம் வாரத்தில். இதை யாரும் சொல்வதில்லை. இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிடம் வீதம் ஆறு முறை, மொத்தம் 9 நிமிடம். மூன்றாம் வாரமும் கூட்டினால் அதே 9 நிமிடம்தான்: ஒன்றரை, மூன்று, மறுபடி ஒன்றரை, மூன்று. நான்காம் வாரம் 3, 5, 3, 5 என்று ஒரேயடியாக 16 நிமிடத்துக்குத் தாவுகிறது. இடையில் நடையும் ஒன்றரை, இரண்டரை, ஒன்றரை நிமிடம்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில் ஓடுகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்கம் வலி எடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஷின் ஸ்ப்ளின்ட் என்பார்கள்.

எங்கள் பரிந்துரை: மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவே ஒரு வாரத்தைச் சொருகுங்கள். 3, 4, 3, 4 நிமிட ஓட்டம், இடையிடையே இரண்டு நிமிட நடை. ஒன்பது வாரம் பத்தாகும். யாரும் மார்க் போடப்போவதில்லை.

ஆறாம் வாரத்தில் இன்னொரு சின்னக் குழி. 20 நிமிடம் ஓடி முடித்த பெருமையில் இருப்பவருக்கு, அடுத்த ஓட்டம் மறுபடி 5, 8, 5 என்று துண்டு துண்டாக வருகிறது. "இது ஜுஜுபி" என்று வேகம் கூட்டி, எட்டு நிமிடத்தின் நடுவில் நின்றுபோனவர்கள் பலர். நின்றதும் பழைய பயம் திரும்ப எட்டிப் பார்க்கும். அன்றைக்கும் 20 நிமிடம் ஓடிய அதே வேகத்தில்தான் போக வேண்டும். அதன்பின் 10, 10; பிறகு தொடர்ந்து 25. ஏழாம் வாரம் 25, எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30 என்று சமதளமாகப் போய்விடும்.

திட்டத்தின் பெரிய குறை, வேகம் பற்றி அட்டவணை வாயே திறப்பதில்லை. "ஓடு" என்றால் நம் நினைவுக்கு வருவது பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. அந்த வேகத்தில் போனால் முதல் நாள் நான்காவது நிமிடத் துண்டிலேயே கதை முடிந்தது. கிலோமீட்டருக்கு 8 அல்லது 9 நிமிடம் போதும். விறுவிறுவென்று நடப்பவர் கிட்டத்தட்ட நம் பக்கத்திலேயே வருவார். வெட்கப்பட வேண்டாம். சோதிக்க ஒரு வழி: ஓடிக்கொண்டே உங்கள் பத்து இலக்கப் போன் நம்பரைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்தாறு எண்ணிலேயே மூச்சு உடைந்தால் வேகம் அதிகம். அடிகளைச் சின்னதாக வையுங்கள். கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழ வேண்டாம், இடுப்புக்குக் கீழேயே இறங்கட்டும். வேகமும் குறையும், முழங்கால் அதிர்ச்சியும் குறையும்.

அடுத்து "பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்". இதற்குச் செயலியில் பொத்தான் கிடையாது, நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சொந்தத் தெருவில் தொடங்காதீர்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போனால் நீங்களும் கூட்டத்தில் ஒருவர். சென்னையில் மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, கோவையில் ரேஸ்கோர்ஸ் மாதிரி இடங்களில் ஓடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நடையும் ஓட்டமும் மாறி மாறி வருவதில் ஒரு வசதி உண்டு: கூட்டமான திருப்பத்தில் நடைத் துண்டு வரும்படி கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம், அதில் சிக்கனம் கூடாது. மேலே முழங்கால் வரை வரும் காட்டன் டாப்ஸ் போட்டாலும் ஓடலாம். துப்பட்டாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தெருநாய்களைப் பற்றி பிரிட்டிஷ் அட்டவணையில் ஒரு வரி இருக்காது. ஓடுவதைத்தான் நாய் துரத்தும். குரைத்துக்கொண்டு வந்தால் உடனே நடைக்கு மாறுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். டைமரை நிறுத்திவிட்டு, தாண்டியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வெயில் இன்னொன்று. குளிர்நாட்டில் போட்ட கணக்கு இது. நம் கடலோர ஊர்களில் விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் வழியும், உடம்பு ஆறாது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தை இரண்டு முறை செய்யலாம். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாளாவது ஆகும். தலைசுற்றலோ சில்லிடுவதோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிழலுக்குப் போய்விட வேண்டும். நெஞ்சுவலி வந்தவர்கள், பிரஷர் உள்ளவர்கள், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் முதல் ஓட்டத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஷூ விஷயத்தில் சுருக்கமாக: கேன்வாஸ் ஷூ வேண்டாம், ஓட்டத்துக்கென்று செய்த ஷூ வேண்டும், இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய சாதாரண ஜோடியே போதும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுக்கும்.

நாள் விட்டுப்போனால் என்ன செய்வது என்பதும் அட்டவணையில் தெளிவாக இல்லை. கல்யாணம், காய்ச்சல், மழை என்று ஒரு வாரம் போனால் கடைசியாக முடித்த வாரத்தை மறுபடி செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் போனால் இரண்டு வாரம் பின்னால் போங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்தடுத்த நாள் மட்டும் ஓடாதீர்கள். நடுவே ஒரு நாள் ஓய்வு கட்டாயம்.

கடைசிக் குறை பெயரிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வாரம் நீங்கள் ஓடுவது 30 நிமிடம். அதில் 5 கிலோமீட்டர் வர வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். 8 நிமிட வேகக்காரருக்கு 3.75 கிலோமீட்டர்தான் தேறும். "முடித்தும் 5 வரவில்லையே" என்று அங்கே சோர்ந்து விடுகிறவர்கள் உண்டு. வேகத்தைத் தொட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் அதே 30 நிமிடம். மூன்றாவது நாள் மட்டும் 32, அடுத்த வாரம் 34 என்று இரண்டிரண்டாகக் கூட்டினால் ஐந்தாவது வாரம் 40 நிமிடம், 5 கிலோமீட்டர். ஆக மொத்தம் பதினான்கு வாரம், இடையில் சொருகியதையும் சேர்த்தால் பதினைந்து. 400 மீட்டர் டிராக்கில் ஓடினால் பன்னிரண்டரைச் சுற்று. 12-இல் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், இன்னும் 200 மீட்டர் பாக்கி இருக்கிறது.