நீல நிறத்தைப் பார்த்து ஸ்பிரிங் பட்டை வாங்காதீங்க

கோவை கணபதியில சின்ன லேத் பட்டறை வெச்சிருக்கேன். பழைய கதவுப் பூட்டு, பெண்டுலம் கடிகாரம்னு உதிரி கிடைக்காத சாமானுக்கு ஸ்பிரிங் வெட்டிப் போடறது கூடவே ஒரு வேலை. போன மாசம் இதுல ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாயும் ஒரு நல்ல வாடிக்கையும் போச்சு.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. தேக்குக் கதவு, ஆறு பூட்டு, பூட்டுக்கு மூணு லீவர், அதாவது சாவி தூக்கி விடற உள்தகடு. ஒவ்வொரு லீவருக்கும் 0.3 மில்லிமீட்டர் கன இரும்புப் பட்டையில ஒரு ஸ்பிரிங், ஆக மொத்தம் பதினெட்டு. இதுக்கு வேண்டியது ஒரு முழம்கூட வராது. ஆனா எந்தக் கடையிலயும் முழத்துக்குத் தர மாட்டாங்க, கிலோதான். காட்டூர்ல ஒரு கடையில, "ரெண்டு கிலோவுக்குக் கொறைய வராதுங்ணா, அசல் புளூ டெம்பர்" என்றான் பையன். பதம் பாச்சுன நீல ஸ்பிரிங் பட்டையைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. கையில ஒரு துண்டு குடுத்தான். வளைச்சு விட்டேன், சுண்டி நேரா நின்னுச்சு. சுருள் தனியா பிளாஸ்டிக்கில சுத்தி, கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சு. பிரிச்சுப் பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன். என் தப்பு அங்கதான்.

பட்டறையில கட்டுக்கம்பியை வெட்டுனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நெசமான ஸ்பிரிங் சுருளா இருந்தா கட்டு அவிழ்ந்ததும் பாம்பு மாதிரி சீறி விரியும், கையுறை போடலைன்னா விரலைப் பதம் பாத்துரும். இது கெழட்டு மாடு மாதிரி அப்படியே படுத்துக் கெடந்துச்சு. அவசரத்துல, வெட்டறதுக்குச் சுலபமா இருக்குன்னு சந்தோஷம் வேற பட்டேன்!

பூட்டெல்லாம் மாட்டிக் குடுத்து இருபது நாள் இருக்கும். காலைல ஆறு மணிக்கு போன். "ஏனுங் தம்பி, சாமி ரூம் தொறக்கமாட்டீங்குது, ஊட்டுல ஒறம்பரை வந்து உக்காந்திருக்காங்" என்றார் தோட்டத்து வீட்டு அய்யா. போய்க் கழட்டுனா, ஸ்பிரிங் எல்லாம் வளைஞ்ச வாக்குலயே நின்னு போயிருக்கு. லீவர் கீழ விழுந்து சாவியைத் தடுக்குது. அவர் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை.

திரும்பி வந்து மிச்சப் பட்டையைச் சோதிச்சேன். பென்சில்ல சுத்தி விட்டா, சுத்துனபடியே நிக்குது. அடுப்புல செவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கி அரம் போட்டேன். கார்பன் இருக்கிற இரும்பா இருந்தா அரம் வழுக்கணும், இதுல வெண்ணெய் மாதிரி எறங்குது. கிரைண்டர்ல வெச்சா தீப்பொறி பூப்பூவா வெடிக்கணும், இது நீட்டு நீட்டாக் கோடு போடுது. மிஷினுக்கு அடியில குடுக்கிற சாதா ஷிம் தகடுதான், சூடு காட்டி நீலம் ஏத்தியிருக்காங்க. சாதா இரும்பையும் 300 டிகிரி கிட்டக் காய்ச்சுனா மேல நீலம் பாயும். அது வெறும் ஆக்சைடு தோலு. ஸ்பிரிங் குணம் 0.7, 0.8 சதவீதக் கார்பன்லயும் பதம் பாச்சறதுலயும் (செவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கி, மறுபடி மிதமாச் சூடு காட்டறது) இருக்கு, நெறத்துல இல்லை.

கடைக்குப் போனேன். "சாம்பிள் வேற லாட்டுங்ணா" என்றான். டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டா ஒரு ஜெராக்ஸை நீட்டுறான். அதுல கனம் 0.5னு இருக்கு, ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த இரும்புன்னு சொல்ற எண்) சுருள்ல கட்டுன சீட்டோட ஒத்துப்போகலை. என்கிட்ட இருந்ததோ 'எஸ்டிமேட்'னு எழுதுன துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணலாம்தான், சொந்தப் பொழைப்புக்கு வாங்கறவனையும் சட்டம் நுகர்வோராத்தான் எடுத்துக்குது. ஆனா பில்லு இல்லாம எதைக் காட்டறது? ஜிஎஸ்டி மிச்சம் பண்ணப் போய் மாட்டுனது அது.

சின்ன வேலைக்குன்னா கிலோக் கணக்குல எறங்காதீங்க. பீலர் கேஜ்னு சந்து அளக்கற மெல்லிசுத் தகடு கொத்து இருக்கு, அதோட இலை நல்ல ஸ்பிரிங் இரும்பு, கனம் மேலயே அடிச்சிருக்கும், 0.05ல இருந்து 1 மில்லி வரைக்கும் கிடைக்குது. கடிகாரப் பெண்டுலம் தொங்கற மெல்லிசு பட்டைக்கு 0.1 இலைதான் நான் போடறது. கொஞ்சம் அதிகமா வேணும்னா அதுவே சுருளாவும் வரும். சுருள்தான் வாங்குவேன்னா, கடையிலயே கட்டைப் பிரிச்சு, நடுச்சுத்துல ஒரு துண்டு வெட்டி வளைச்சுப் பாருங்க. பிரிக்க விடலைன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அய்யா வீட்டுப் பதினெட்டையும் ரெண்டு பீலர் கேஜை ஒடைச்சு என் செலவுல மாத்திக் குடுத்துட்டேன். அடுத்த வேலைக்கு அவர் இன்னும் கூப்பிடலை. அந்த ரெண்டு கிலோவுல கொஞ்சத்தை வீட்டுக்காரம்மா புடலைப் பந்தல் கட்ட எடுத்துட்டுப் போயிருக்கு. அதுக்கு நல்லா வளையுதாம்.