நோர்வேஜிய வாசிப்புக் குரல்: கூட்டுச்சொல்லில் தடுமாறுகிறது

ஒஸ்லோவில் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கும் நண்பர், கைப்பேசியில் எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் நோர்வேஜிய வாசிப்புக் குரலை வைத்து உச்சரிப்புப் பழகலாமா என்று கேட்டார். தெளிவு, வேகம் இரண்டிலும் குறையில்லை. சிக்கல் கூட்டுச்சொற்களில்.

நோர்வேஜியத்தில் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதுவார்கள். ஒட்டு எங்கே என்று தெரிந்தால்தான் உயிர் நெடிலா குறிலா என்பது தெரியும். ‘பீல்-டேலெர்’ என்றால் கார் உதிரிப்பாகங்கள். அதே எழுத்துகளை ‘பில்டெ-லேர்’ என்று பிரித்தால் படம் சிரிக்கிறது என்றாகும். இதுபோலப் பழகிய சொற்களைக் குரல் சரியாகவே வாசிக்கிறது. செய்தித்தாளில் அன்றன்று முளைக்கும் கூட்டுகளில்தான் தடுமாறுகிறது.

தீராத எரிச்சல், நடுவில் வரும் ‘ஸ்’. அது நம் சாரியை மாதிரி, முதற்சொல்லோடு நிற்க வேண்டியது. அரசுத் திருச்சபையைக் குறிக்கும் சொல் ‘ஸ்டாட்ஸ்-ஹ்யிர்கெ’. ஒரே சொல்லுக்குள் இகரத்துக்கு முன் ‘ஸ்க்’ வந்தால் ‘ஷ’ ஒலிக்கும். ‘க்’ மட்டும் வந்தால் பொதுவாக ‘ஹ்ய்’. இந்த அமைப்பில் புதுச்சொல் வந்தால், குரல் சாரியையைப் பின்னால் தள்ளி ‘ஷிர்கெ’ என்கிறது. இளையோர் பலர் ‘ஹ்ய்’யை ‘ஷ’ ஆக்கிவிட்டார்கள்தான். அது பேச்சில் நடக்கும் மாற்றம். இது பிரிக்கத் தெரியாத பிழை.

இன்னொன்று: ஒரே மெய் மூன்று சேர்ந்தால் இரண்டுதான் எழுதுவார்கள். கடைத்தொடருக்கான ‘புட்டிக்-ஹ்யேடெ’ (எழுத்தில் butikk + kjede) இப்படி ஒரு ‘க்’கை இழக்கிறது, வரியின் கடைசியில் உடைத்தால் அது திரும்பி வரும். குரலோ இருக்கும் இரண்டையும் முன்சொல்லுக்கே கொடுத்து, பின்சொல்லை ‘யேடெ’ ஆக்குகிறது.

ஒட்டுமிடத்தில் சிறுகோடு இட்டு, விடுபட்ட மெய்யையும் சேர்த்துத் தட்டச்சினால் பிரிப்பு சரியாகும், ஆனால் தொனி, அதாவது சொல்லுக்குரிய குரல் ஏற்ற இறக்கம், போய்விடும். கூட்டுச்சொல் முழுவதற்கும் ஒரே தொனிதான்; பின்சொல்லுக்குத் துணை அழுத்தம் மட்டுமே உண்டு. கோடு கண்டதும் குரல் இரண்டையும் முழு அழுத்தத்தோடு தனித்தனியாக வாசிக்கிறது. தொனியை நோர்வேஜிய அகாடமியின் இணைய அகராதியில் பார்ப்பதே நல்லது. இலவசம், உச்சரிப்போடு தொனிக்குறியும் இருக்கிறது.

நாமடி ஒலிகளில் மட்டும் குரல் அருமை. ஒஸ்லோப் பேச்சில் ‘ர்’ அடுத்து வரும் ‘ஸ்’, ‘ந்’ ஆகியவற்றோடு கரைந்துவிடும். தாய்மொழி ‘மூஷ்-மோல்’, பாலர் பள்ளி ‘பாணெ-ஹாகெ’. ஒருமுறைகூடத் தவறவில்லை. ண, ஷ பழகிய நாக்குக்கு இது எளிது. மேற்குக் கரை நகரமான பேர்கனில் ‘ர்’ தொண்டையில் பிறப்பதால் அங்கே இந்தக் கரைதல் இல்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். இடம் மாறிய சாரியை நாக்கில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். முதல் சில மாதங்களுக்கு அகராதியும் நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் வானொலிச் செய்தியும் போதும்.