‘ஷ்ரூட்’ என்று ஒருவரைப் பாராட்டலாமா?

ஓய்வு பெறும் மேலதிகாரி ஒருவருக்கு ஆங்கிலத்தில் வழியனுப்பு மடல் எழுதும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. எதிரே இருப்பவர் வாய் திறக்கும் முன்பே அவர் மனதில் ஓடுவதைக் கண்டுபிடித்துவிடுகிற அம்மா அவர். அதைப் பாராட்ட நினைத்து ‘ஷ்ரூட்’ என்று எழுதிவிட்டேன். படித்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்னப்பா, இத்தனை வருஷம் உன்கிட்ட பேரமா பேசிக்கிட்டிருந்தேன்?”

அகராதியை நம்பியதன் பலன். பெர்செப்டிவ், இன்சைட்ஃபுல், அஸ்ட்யூட், ஷ்ரூட், டிசர்னிங் என எதைப் புரட்டினாலும் ‘கூரறிவுள்ள’, ‘நுண்ணறிவுள்ள’ என்றே போட்டிருக்கும். ஆள் எதைப் பார்த்தார், பார்த்ததை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் இந்தச் சொற்கள் பிரிகின்றன.

ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. பார்க்க வந்தவர்களோடு பேசும்போது வீட்டுக்காரர் ஒரு சுவரை மறைத்தபடியே நிற்கிறார். அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்பதைக் கவனித்தவர் அப்சர்வன்ட். அவர் எதையோ நினைத்துச் சங்கடப்படுகிறார் என்று உணர்ந்தவர் பெர்செப்டிவ். ஒன்றுமே கேட்காமல் கிளம்பிப்போய், மழை பெய்த மறுநாள் திரும்பி வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறவர் இருக்கிறாரே, அவர்தான் ஷ்ரூட்.

பெரிய குழப்பம் பெர்செப்டிவுக்கும் இன்சைட்ஃபுல்லுக்கும் நடுவில். பெர்செப்டிவ் என்பது பெரும்பாலும் அந்த நொடியில் நடப்பது. குரல் கொஞ்சம் தாழ்ந்தது, பதில் அரை விநாடி தாமதமானது, சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை. சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது. இதற்கு நம்மிடம் அருமையான சொல் உண்டு: குறிப்பறிதல். திருக்குறளில் இதே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசன் முகம் பார்த்து மனம் அறிவதும் காதலியின் கண் பார்த்து மனம் அறிவதும் ஒரே திறமை என்பதுபோல. இரண்டு இடத்துக்கும் பெர்செப்டிவ் அப்படியே பொருந்தும்.

இன்சைட்ஃபுல்லுக்கு அந்த வேகம் தேவையில்லை. ஒரு விஷயத்தை ஆற அமர யோசித்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று உள்ளே புகுந்து பார்த்தால் வருவது. ஆளைவிட, அவர் எழுதிய கட்டுரைக்கும் செய்த அலசலுக்கும்தான் இந்தச் சொல் அதிகம் ஒட்டும். ‘இன்சைட்’ ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழசு. ‘ஃபுல்’ என்ற வாலோடு அது புழங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். வந்த வேகத்தில் தேய்ந்தும்விட்டது. எந்தப் பேச்சு முடிந்தாலும் யாராவது ஒருவர் ‘வெரி இன்சைட்ஃபுல்’ என்கிறார். பாதி நேரம் தூங்கியவரும் அதைத்தான் சொல்கிறார். உண்மையிலேயே பாராட்ட வேண்டுமென்றால், எந்த இடம் புதிதாகப் பட்டது என்று சொல்லிவிடுவது மேல்.

சரி, அஸ்ட்யூட்டும் ஷ்ரூட்டும். இரண்டுமே பார்த்ததைக் காரியமாக்கத் தெரிந்தவர்களுக்கானவை. இரண்டுக்கும் பூர்வீகம் அவ்வளவு யோக்கியமில்லை. அஸ்ட்யூட்டின் லத்தீன் வேருக்குத் தந்திரம் என்று பொருள். ஷ்ரூட் இன்னும் மோசம்: இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் தீய, பொல்லாத என்றே அர்த்தம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் குளிர்காற்று ‘ஷ்ரூட்லி’ கடிப்பதாக ஒரு வரி வரும். அங்கே அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, கடுமையாகக் கடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்லப் பொல்லாதவன் தந்திரசாலியாகி, தந்திரசாலி கெட்டிக்காரனாகிவிட்டான்.

இன்றைக்கு அஸ்ட்யூட் ஏறக்குறைய கறை நீங்கிவிட்டது. நிலைமையைச் சரியாகக் கணித்து, சரியான நேரத்தில் காய் நகர்த்துகிறவர். செய்தித்தாள்கள் ‘அரசியல் சாணக்கியர்’ என்று எழுதும் ஆளை ஆங்கிலத்தில் அஸ்ட்யூட் எனலாம். ஷ்ரூட்டில் மட்டும் பழைய வாசனை லேசாக மிச்சமிருக்கிறது. நம் பேச்சில் ‘அவர் ரொம்ப விவரமான ஆள்’ என்போமே, கிட்டத்தட்ட அது. பாராட்டுதான், ஆனால் சொல்லும்போது கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். முதலீட்டாளர், வியாபாரி, பேரம் பேசுபவர் ஆகியோருக்குத் தாராளமாகப் போடலாம். பரிந்துரைக் கடிதத்தில் என்றால் நான் அஸ்ட்யூட் பக்கம்தான்.

டிசர்னிங் வேறு தெரு. அதன் வேர்ச்சொல்லுக்குப் பிரிப்பது, சலிப்பது என்று பொருள். பத்தில் நல்ல ஒன்றைச் சலித்தெடுக்கத் தெரிந்த வாசகர், சுருதி விலகினால் முகம் சுளிக்கும் ரசிகர், இவர்களுக்கான சொல். விளம்பரக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை. விலையைக் கூட்டப்போகிறார்கள் என்றால் முதலில் வாடிக்கையாளரை டிசர்னிங் ஆக்கிவிடுவார்கள்.

அக்யூட், இன்சைசிவ் இரண்டும் கத்தி, ஊசி வகையறா. அக்யூட் நோய்க்கும் உண்டு, கோணத்துக்கும் உண்டு. அதனால் ‘அக்யூட்’ பார்வை, ‘அக்யூட்’ விமர்சனம் என்றால் சரி, ‘அவர் அக்யூட்’ என்று ஆளோடு நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். இன்சைசிவ், வெட்டுப்பல்லின் ஆங்கிலப் பெயரோடு ஒரே வேரில் பிறந்தது. பார்ப்பதைவிடச் சொல்வதற்குப் பொருந்தும். சுற்றி வளைக்காமல் விஷயத்தின் நடுவில் இறங்குகிற கேள்வி இன்சைசிவ். எல்லாவற்றையும் உணர்ந்துவிட்டு மென்மையாகப் பேசுகிறவர் பெர்செப்டிவ் ஆக இருக்கலாம், இன்சைசிவ் ஆகமாட்டார்.

சகேஷஸ் என்றொரு கம்பீரமான சொல் இருக்கிறது. இன்று விவேகி என்று பொருள். ஒருகாலத்தில் அது வேட்டைநாயின் மோப்ப சக்தியைக் குறித்தது. நாமும் ‘மோப்பம் பிடித்துவிட்டான்’ என்கிறோமே! அப்புறம் பெர்ஸ்பிகேஷஸ். ஊடுருவிப் பார்ப்பவர் என்று பொருள். நடைமுறையில், எழுதியவர் அகராதி வைத்திருக்கிறார் என்று பொருள். போதாக்குறைக்கு, எளிதில் புரியும்படி இருப்பதைக் குறிக்கும் பெர்ஸ்பிக்யுவஸ் பக்கத்திலேயே நின்று காலை வாரும். ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்கள் தெரிந்துகொண்டால் போதும். நான் இதுவரை ஒரு வரியில்கூடப் பயன்படுத்தியதில்லை.

அந்த மடலை இன்று எழுதினால் பெர்செப்டிவ் என்றே போடுவேன். அந்த அம்மா நடத்திவைத்த சில பேரங்களை நினைத்தால் ஷ்ரூட்டும் பொய்யில்லை. ஆனால் அதை விழா மேடையில் வாசிக்கக் கொடுத்திருக்க வேண்டாம்.