நான்கு பட்டன் 433 ரிமோட் செட்: விளக்குக்குச் சரி, கேட்டுக்கும் மோட்டாருக்கும் வேண்டாம்

சாவிக்கொத்தில் தொங்கும் அளவுக்கு ஒரு ரிமோட், அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு பட்டன், கூடவே நான்கு நீல நிற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்த ஒரு ரிசீவர் போர்டு. காட்பாடி கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட்டிலும், குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து மோட்டார் கொட்டகையிலும், பஜார் கடை ஷட்டரிலும் ஒரே செட்டைத்தான் மாட்டுகிறார்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, சாலிடரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. பிரச்சினை விலையிலோ தூரத்திலோ இல்லை. பட்டனை அழுத்தும்போது காற்றில் என்ன போகிறது என்பதில் இருக்கிறது.

ரிமோட்டைத் திறந்து சிப்பின் பெயரைப் படியுங்கள். பெரும்பாலும் பிடி2262 அல்லது ஈவி1527 என்று இருக்கும். இரண்டுமே 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறியீட்டை அனுப்புகின்றன. இன்று அழுத்தினாலும் அடுத்த பொங்கலுக்கு அழுத்தினாலும் அதே குறியீடுதான். ஒருமுறை அதை ஒட்டுக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொன்னால் ரிசீவர் கதவைத் திறந்துவிடும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு ரிமோட்டை எதிரெதிரே வைத்து அழுத்தினால் குறியீட்டை நகலெடுக்கும் டூப்ளிகேட் ரிமோட் வெளிப்படையாகவே விற்கப்படுகிறது.

பிடி2262 இன்னும் பலவீனமானது. அதன் எட்டு முகவரிக் கால்களை ப்ளஸ், மைனஸ், எதிலும் சேர்க்காமல் விடுவது என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். மொத்தம் 6,561 சேர்க்கைகள். ஒரு குறியீடு போக ஏறக்குறைய 45 மில்லிசெகண்ட். அத்தனையையும் ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொன்றையும் இருமுறை அனுப்பினாலும் பத்து நிமிடம். அதைவிட மோசம், பல செட்டுகளில் எட்டுக் கால்களையும் எதிலும் சேர்க்காமலே அனுப்பிவிடுகிறார்கள். ஒரே கடையில் வாங்கிய இரண்டு செட்டில் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு நம் வீட்டு விளக்கு எரிவது இதனால்தான். கையில் இந்த வகைதான் இருக்கிறது என்றால் ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி நான்கைந்து கால்களையாவது ப்ளஸ், மைனஸ் பட்டைகளுடன் ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள். தற்செயல் மோதல் நிற்கும். ஒட்டுக் கேட்பதற்கு அது தடையே இல்லை.

ஈவி1527-இல் தொழிற்சாலையிலேயே பதித்த 20 பிட் எண் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கை என்பதால் வரிசையாக முயன்றால் சுமார் 13 மணி நேரம் ஆகும். ஆனால் பதிவு செய்து திருப்பி அனுப்ப ஒரு அழுத்தல் போதுமே! 'லேர்னிங் கோட்' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குபவர்கள் பலர். ரிசீவர் ரிமோட்டின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளும் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

உங்கள் ரிமோட் எந்த ரகம் என்று சோதிக்க ஒரு ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு போர்டு), ஒரு 433 ரிசீவர் போர்டு, ஆர்சி-ஸ்விட்ச் என்ற ஆயத்த நிரல் லைப்ரரி போதும். ரிசீவரின் டேட்டா காலை 2-ஆம் பின்னில் கொடுத்து, உதாரண நிரலை ஏற்றி, ஒரே பட்டனை ஐந்து முறை அழுத்துங்கள். சீரியல் மானிட்டரில் ஐந்து முறையும் அதே 24 பிட் எண் வந்தால் அது நிலைக்குறியீடு, அதாவது மாறாத குறியீடு. எதுவுமே வராவிட்டால் உடனே பாதுகாப்பானது என்று முடிவு கட்டாதீர்கள். லைப்ரரிக்குத் தெரியாத வடிவமாக இருக்கலாம், ரிசீவரில் ஆன்டெனா இல்லாமலும் இருக்கலாம். 17.3 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பியைச் சாலிடர் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

செட்டின் மற்ற குணங்களையும் சொல்ல வேண்டும். மலிவான போர்டுகளில் இருக்கும் சூப்பர்-ரீஜெனரேடிவ் ரிசீவர் காயிலையும் கெபாசிட்டரையும் நம்பி இசைவாக்கப்பட்டது (ட்யூன் செய்யப்பட்டது). கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காய்ந்தால் இசைவு நகர்ந்து, காலையில் எட்டிய தூரம் மதியம் எட்டாது. சூப்பர்ஹெட்ரோடைன் வகை கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அதுதான் ஏற்றது. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போர்டை வைத்து மூடினால் எந்த ரிசீவரும் செவிடாகும். ஆன்டெனா கம்பி வெளியே வர வேண்டும்.

மோட்டாருக்கு மாட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அந்த நீல ரிலே 250 வோல்ட் ஏசிக்கு உரியது. மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டரில் காயில் பெரும்பாலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, அதாவது 415 வோல்ட்டில் இருக்கும். ஸ்டார்ட் பட்டனுக்குக் குறுக்கே ரிலேயை நேராகக் கொடுத்தால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் ஸ்டாப்பை அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் மோட்டார் மீண்டும் ஓடும். நடுவில் 440 வோல்ட்டுக்குத் தகுதியான துணை கான்டாக்டர் வையுங்கள், ஸ்டார்ட்டுக்கு ஒன்று, ஸ்டாப்புக்கு ஒன்று. ஸ்டார்ட்டுக்கு என்ஓ (சாதாரணமாகத் திறந்திருக்கும்) முனை இணையாக, ஸ்டாப்புக்கு என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) முனை தொடராக, இரண்டும் அழுத்தும்போது மட்டும் இயங்கும் மொமென்டரி நிலையில். ஓவர்லோட் ரிலேயையும் டிரை ரன் பாதுகாப்பையும் ரிமோட்டுக்காகக் கழற்றவே கூடாது. நிலைக்குறியீடு ரிமோட் வைத்த மோட்டாரை யாரோ நள்ளிரவில் ஓட்டிவிட்டால், வற்றிய போர்வெல்லில் பம்பைக் காப்பாற்ற அவைதான் இருக்கின்றன.

கேட்டுக்கும் ஷட்டருக்கும் எச்சிஎஸ்301 சிப் உள்ள ரோலிங் கோட் செட் வாங்குங்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் 66 பிட் போகிறது. அதில் 32 பிட் மறையாக்கப்பட்டு, உள்ளே இருக்கும் எண்ணி (கவுன்ட்டர்) ஒவ்வொரு முறையும் ஏறுவதால் மாறிக்கொண்டே இருக்கும். மீதி 34 பிட்டில் சீரியல் எண்ணும் பட்டன் விவரமும். இங்கேயும் ஏமாற இடம் உண்டு. இந்த மாறாத பகுதியை மட்டும் படித்துவிட்டு ரிலேயைத் தட்டும் ரிசீவர் நிரல் இருந்தால், ரோலிங் கோட் ரிமோட் வாங்கியும் பயனில்லை. இந்தச் சிப்பின் கீலாக் மறையாக்கமும் பழையது. தயாரிப்பாளர் தன் ரிமோட்டுகளுக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ரகசியச் சாவியையே வெளியே எடுக்கலாம் என்று 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். அலையை மறித்து, பயன்படாத குறியீட்டைப் பிடித்துவைத்துப் பிறகு அனுப்பும் முறை 2015-இல் எல்லோர் முன்னும் செய்து காட்டப்பட்டது. ஆனாலும் டூப்ளிகேட் ரிமோட்காரரை நிறுத்த இது போதும். வீட்டுக் கேட்டுக்கு ஏற்கத்தக்க சமரசம் என்பதே எங்கள் கருத்து.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு என்ஆர்எஃப்24எல்01 ப்ளஸ் என்ற ரேடியோ மாட்யூல் நல்ல தேர்வு, இருவழிப் பேச்சு முடியும் என்பதால். சிப்பில் மறையாக்கம் கிடையாது. அதை நாம்தான் எழுத வேண்டும். முகவரியை ரகசியம் என்று நம்பாதீர்கள், அதைக் காற்றிலிருந்தே கண்டுபிடிக்கலாம். 32 பைட் இடத்தில் ரிமோட் எண் 2 பைட், எண்ணி 4 பைட், கட்டளை 1 பைட், 16 பைட் ரகசியச் சாவியால் கணக்கிட்ட முத்திரை (செய்தி போலியல்ல என்று காட்டும் எண்) 8 பைட், ஆக 15 பைட் போதும். ரிசீவர் முதலில் முத்திரையைச் சரிபார்க்க வேண்டும், அடுத்து எண்ணி கடைசியாகப் பார்த்ததைவிடப் பெரியதா என்று பார்க்க வேண்டும், பிறகே ரிலே. வரிசையை மாற்றி எண்ணியை முதலில் சேமித்துவிட்டால், யாராவது ஒரு பெரிய போலி எண்ணை அனுப்பி உங்கள் உண்மையான ரிமோட்டையே வெளியே நிறுத்திவிடலாம்.

எண்ணியை ரிமோட்டின் ராமில் மட்டும் வைப்பது அடுத்த தவறு. பேட்டரி மாற்றியதும் பூஜ்யத்துக்குப் போகும், ரிசீவர் மறுக்கும். அதைச் 'சரிசெய்ய' பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளும்படி நிரலை மாற்றுவார்கள். பழைய பதிவுகள் எல்லாம் மறுபடி உயிர்பெறும். கரன்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் எழுதுங்கள். ஆர்டுயினோவின் ஏடிமெகா328-இல் ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பதே கணக்கு. நாளுக்கு 50 அழுத்தல் என்றால் ஐந்தரை வருடம். 16 இடங்களில் சுழற்றி எழுதினால் அந்தக் கவலையும் இல்லை.

பிடித்துவைத்த குறியீட்டையும் முறியடிக்க வேண்டுமானால், ரிசீவர் 8 பைட் புதிய எண் ஒன்றை அனுப்பி, அதற்கான முத்திரையை 200 மில்லிசெகண்டுக்குள் கேட்கட்டும். அந்த எண்ணை ஆர்டுயினோவின் ரேண்டம் கட்டளையால் அப்படியே எடுக்காதீர்கள். விதையை, அதாவது தொடக்க எண்ணை, மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறை கரன்ட் வந்ததும் அதே வரிசைதான் வரும்; நம் பக்கம் கரன்ட் போய் வருவது புதிதல்லவே. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப் என்றால் வைஃபை இயங்கும்போது அதன் உள்ளிருக்கும் ஹார்டுவேர் ரேண்டத்தைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிச் சாவி போடுங்கள். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் ரிசீவரிலிருந்து நீக்கலாம். நிரலை இணையத்தில் பகிரும்முன் சாவி இருக்கும் வரியை அழித்திருக்கிறீர்களா என்று இரண்டாம் முறையும் பாருங்கள். மாட்யூலின் விசிசி (மின்சாரம் கொடுக்கும் கால்), கிரவுண்ட் கால்களுக்குக் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைக்காவிட்டால், பாக்கெட் தொலைவதைப் பார்த்து நிரலில் குற்றம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.